மல்பெரிக்கும் தக்காளிக்கும் நடுவே ஓர் ஒளிக்கதிர்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரமும் தமிழகமும் கர்நாடகமும் எல்லை கலந்து கிடக்கும் மேட்டுநிலத்தில், குப்பத்துக்கு அணித்தாக அமைந்த ராமகுப்பம் மண்டலத்துக் குடியானவர், புழு என்ற ஒரே குலத்தில் ஒன்றைக் குழந்தைபோலப் பேணியும் மற்றொன்றைச் சத்துருவாகப் பாவித்தும் ஜீவிக்க வேண்டிய விசித்திரமான நிலையில் இருக்கிறார். மல்பெரி இலையைத் தின்று பட்டு நூற்கும் புழுவும், அடுத்த வரப்புக்கு அப்பால் தக்காளிக் காயைத் துளைக்கும் புழுவும், மானாவாரி நிலக்கடலையை ஒரே வாரத்தில் காம்பு மாத்திரம் எஞ்சும்படி மேய்ந்துவிடும் கம்பளிப்புழுவும் அந்துப்பூச்சி வம்சத்தின் வாரிசுகளே. சரீர அமைப்பிலும் நரம்பின் இயல்பிலும் அவை அண்ணன் தம்பிகள். ஆகையால் ஒன்றைக் கொல்லும் விஷம் மற்றொன்றை விட்டுவைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமே இல்லை. தக்காளித் தோட்டத்தில் தெளித்த மருந்து காற்றில் மிதந்து மல்பெரி இலைமேல் படியுமாயின், அந்த இலையைக் கொண்டுபோய்த் தட்டில் போட்டவர், அன்று மாலையோ மறுநாள் காலையோ, புழுக்கள் தலை தூக்கி, வாயால் நீர் கக்கி, உடல் சுருங்கிக் கிடப்பதைக் காண நேரிடும். நாலாம் தோலுரிப்புக்குப் பிறகு இது நிகழ்ந்தால் இலைச் செலவு, கூலி, முட்டை விலை யாவும் ஒருசேரப் போயின.

பூச்சிகளை ஒளிக்கதிரால் சுட்டு வீழ்த்தலாம் என்று பல தேசங்களில் நடந்துவரும் பரீட்சைகளை மதிப்பிடப் புகும் எவரும் இத்தகைய ஒரு மண்டலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம். லேசர் மருந்தைவிடச் சுத்தமானது, மண்ணில் எச்சம் விடாது, தண்ணீரைக் கெடுக்காது என்பவையெல்லாம் உண்மையே. ஆனால் அந்தப் பெருமைகளை வேறு பல உபாயங்களும் கோரக்கூடும். லேசருக்கே உரிய குணம், பூச்சிகளின் கூட்டத்துள்ளே ஒன்றை மாத்திரம் தேர்ந்தெடுக்கக்கூடிய சக்தியாகும். அந்தத் தேர்வு எங்கே மிகவும் வேண்டப்படுகிறதோ அங்கேதான் அதன் மதிப்பும் புலப்படும்.

ரசாயன மருந்துகளின் சரித்திரத்தை இங்கே விரிப்பது அநாவசியம். 1939ல் ஸ்விட்சர்லாந்துக்காரரான பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் சக்தியைக் கண்டறிந்ததும், அதற்காக 1948ல் நோபல் பரிசு பெற்றதும், 1962ல் ரேச்சல் கார்சன் தம் நூலின் வாயிலாக அதன் கேட்டை உலகறியச் செய்ததும் பலரும் அறிந்தவை. நம் தேசத்தின் பங்குக்கு, 1958ல் கேரளத்தில் பாராத்தியான் கலந்த மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட துயரத்தின் விளைவாகவே 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்தது; காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வானிலிருந்து பொழியப்பட்ட எண்டோசல்பானை 2011ல்தான் உச்ச நீதிமன்றம் தடுத்தது; 2017ல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த கூலிக்காரர் பலர் அந்த மருந்தாலேயே உயிரிழந்தனர். மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

ஆனால் மருந்துக்கு மாற்றாகச் சொல்லப்படுபவற்றுள்ளும் சில பட்டுப்புழுவின் வீட்டு வாசலில் வந்து தயங்கி நிற்கின்றன. 'பி.டி.' என்று சுருக்கமாக வழங்கும் நுண்ணுயிரை இயற்கைக்கு இணக்கமான மருந்து என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். இந்த நுண்ணுயிரை முதன்முதல் 1901ல் ஜப்பானிய விஞ்ஞானி இஷிவாதா கண்டறிந்தது எங்கே என்று பார்த்தால், திடீரென்று மடிந்துவிழுந்த பட்டுப்புழுக்களின் உடலில். மனிதருக்கும் மாட்டுக்கும் தேனீக்கும் தீங்கு செய்யாத இந்த உயிர், பட்டு வளர்ப்போருக்கு ஒரு கொள்ளைநோய். வேப்பங்கொட்டைச் சாறும் மல்பெரி இலையில் படிந்தால் புழு தின்ன மறுக்கும். வெட்டுப்புழுவுக்கென்றே உரிய என்.பி.வி. வைரஸ் ஒன்றுதான் இவற்றுள் குறி தப்பாத அம்பு. அதுவும் வெயிலில் விரைவில் வலிமை குன்றி, புழு இளம்பருவத்தில் இருக்கும்போது மாத்திரம் பயன் தருவது. பொதுவாக நல்லது என்று பெயர் பெற்றது ஓர் ஊருக்கு நல்லதாக இராமற்போகலாம் என்பதற்கு இதைக்காட்டிலும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, ஒளியைக் கொண்டு பூச்சியைக் கொல்வது இந்தப் பிராந்தியத்துக்குப் புதிய சங்கதி என்று எவரேனும் கருதினால், அவர் ராயலசீமையின் நிலக்கடலைக் காடுகளைப் பார்க்காதவர் என்றே சொல்லவேண்டும். செந்தலைக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளே உறங்கிக் கழித்துவிட்டு, பருவத்தின் முதல் நல்ல மழை பெய்து நிலம் நனைந்தவுடன், ஏறக்குறைய ஒரே தவணையில் அந்துப்பூச்சிகளாக வெளிப்படுகின்றன. அந்த இரவுகளில் ஊரார் ஒன்றுகூடி, மேட்டுப்பாங்கான இடங்களில் செத்தையும் சருகும் குவித்துத் தீ மூட்டினால், பூச்சிகள் தாமாகவே வந்து விழும். முட்டையிடுமுன் விழுந்த ஒவ்வொரு பெண்பூச்சியோடும் நூற்றுக்கணக்கான புழுக்கள் அழிந்தன என்று கணக்கு. 1980களின் இறுதியில் தெலங்கானத்து ஆமணக்குக் காடுகளில் இப்புழு பேயாட்டம் ஆடியபோது, தொண்டு நிறுவனங்களும் விஞ்ஞானிகளும் கூடி ஊர்தோறும் இத்தகைய தீயை மூட்டுவித்ததே, பிற்காலத்தில் ஆந்திரத்தில் மருந்தில்லாப் பூச்சி நிர்வாகம் என்ற பெயரில் பெரிய இயக்கமாக வளர்ந்த முயற்சிக்கு ஓர் ஆரம்பமாகும். கம்மம் மாவட்டத்துப் புனுகுலா கிராமம் 2003ல் தன்னைப் பூச்சிமருந்து இல்லாத ஊராக அறிவித்துக்கொண்டதும், அரசாங்கமே ரைத்து சாதிகார சம்ஸ்தா என்ற அமைப்பின் வழியாக இயற்கை வேளாண்மையை மாநிலமெங்கும் பரப்ப முற்பட்டதும் அந்த வழியில் தொடர்ந்து நிகழ்ந்தவை.

தீயின் குறை என்னவென்றால், அதற்குக் கண் இல்லை. கம்பளிப்புழுவின் தாயும், யாருக்கும் தீங்கு நினையாத வேறு அந்துகளும், இலைப்பேனைத் தின்று நமக்கு உபகாரம் செய்யும் கண்ணாடிச் சிறகுப்பூச்சியும் அதற்கு ஒன்றே. பிற்காலத்தில் வந்த விளக்குப் பொறிக்கும், சூரிய சக்தியால் எரியும் இப்போதைய பொறிக்கும் இதே குறை உண்டு. இரவு முழுவதும் எரியவிட்டால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து மடியும் என்பதனாலேயே, முன்னிரவில் சில மணி நேரம் மாத்திரம் ஏற்றச் சொல்கிறார்கள்.

இந்தக் குருட்டு ஒளிக்குக் கண் கொடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது பயிருக்காக அன்று, கொசுவுக்காக. தியோடர் மெய்மன் 1960ல் முதல் லேசரை எரியவிட்டது தொட்டு அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2010ல், அமெரிக்கரான நேதன் மிர்வோல்ட் ஒரு சபையின் நடுவே தம் கூட்டத்தாரின் 'ஒளி வேலி'யை இயக்கிக் காட்டினார். ஏவுகணைகளை வானிலேயே அழிக்கும் யுத்தத் திட்டங்களில் ஈடுபட்டிருந்த லோவல் வுட் போன்ற விஞ்ஞானிகள், அதே தத்துவத்தை மலேரியா பரப்பும் கொசுவின்மேல் பிரயோகிக்க முற்பட்டதன் பலன் அது. பறக்கும் பூச்சியின்மேல் மெல்லிய ஒளியைப் படவிட்டு, திரும்பிவரும் ஒளியின் துடிப்பிலிருந்து சிறகடிக்கும் வேகத்தை அறிந்து, அதனால் இன்ன ஜாதி என்றும் ஆணா பெண்ணா என்றும் நிர்ணயித்து, கடிக்கும் பெண்கொசுவாயின் மாத்திரம் வலிய கதிரை நொடியின் ஒரு சிறு பகுதி நேரம் பாய்ச்சுவது அதன் முறை. அவையினர் வியந்தனர், பத்திரிகைகள் வருணித்தன, மலேரியா பரவிய கிராமம் எதிலும் அது நிரந்தர வேலியாக நிற்கவில்லை. பின்னர் அதே சாதனம் புளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளை நாடிச் சென்றது. சில்லிட் என்னும் சிறு பூச்சி பரப்பும் 'பச்சையாதல்' நோய் 2005ல் அங்கே தென்பட்டபின், 2003-04ல் சுமார் 24 கோடிப் பெட்டியாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், புயல்களின் சேதமும் சேர்ந்துகொள்ள, 2022-23ல் 2 கோடிக்கும் கீழே இறங்கியது. அத்தகைய நஷ்டத்தின் முன் எந்தச் சாதனமும் விலை அதிகமாகத் தோன்றாது அல்லவா? அந்தப் பூச்சி அமெரிக்காவுக்குப் போனது ஆசியாவிலிருந்துதான். நம் சாத்துக்குடித் தோப்புகளிலும் அது நெடுங்காலக் குடி.

பயிர்ப்பூச்சியைப் பொறுத்தவரை இதுவரை நடந்தவற்றுள் நம்மவர் ஊன்றிக் கவனிக்கத் தகுந்தது ஜப்பானியரின் வேலை. அந்நாட்டுத் தேசிய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா பல்கலைக்கழகத்து லேசர் ஆராய்ச்சிக் கூடமும் எடுத்துக்கொண்ட பூச்சி, நம் வெட்டுப்புழுவின் தாயாகிய அந்துப்பூச்சி. இரட்டைக் கண் காமிராவால் பறக்கும் பூச்சியைத் தொடர்ந்து பார்த்தாலும், படம் பிடித்து, கணக்கிட்டு, கண்ணாடியைத் திருப்பிக் கதிரை விடுவதற்குள் பூச்சி வேறிடம் போய்விடுகிறது. ஆகையால் அது 0.03 வினாடிக்குப் பின் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்கும் முறையை அவர்கள் வகுத்தார்கள். அந்து வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால், அந்த இடைவெளியில் அது கடக்கும் தூரம் 6 சென்டிமீட்டர். தப்பிப்பதற்கு அது போதும். அடுத்து, 2023 ஜனவரியில் ஒசாகா பல்கலைக்கழகத்தார், பூச்சியின் உடலில் எந்தப் பாகத்தில் பட்டால் அது விரைவில் வீழும் என்று பாகம் பாகமாகச் சோதித்து, மார்பும் முகமுமே அதன் மர்ம ஸ்தானங்கள் என்று கண்டறிந்து, பறந்துகொண்டிருந்த அந்தைச் சிறிய நீல லேசரால் வீழ்த்திக் காட்டியதாக அறிவித்தார்கள். சிறகில் பட்ட கதிர் பெரும்பாலும் வீண். மார்பில் பட்டது காரியம் முடிக்கும். இதனால் வேண்டிய சக்தி குறைகிறது. சக்தி குறைந்தால் சாதனத்தின் விலையும் ஆபத்தும் ஒருங்கே குறையும்.

வெட்டுப்புழுவின் பெயர் ஆந்திரத்தில் சாதாரணமாக உச்சரிக்கப்படுவதன்று. 1997-98ல் அன்றைய ஆந்திரத்தில் அடங்கியிருந்த வாரங்கல் பருத்திக் காடுகளை அழித்து, கடன்பட்டுக் கடன்பட்டு மருந்து வாங்கித் தெளித்தும் பலன் காணாத குடியானவர் பலர் அதே மருந்தைக் குடித்து மாய்வதற்கு ஏதுவாயிருந்தது இதுவே. மருந்துக்கு மேல் மருந்தாக அடித்ததில் அது ஒவ்வொன்றையும் ஜீரணித்துக்கொள்ளக் கற்றுவிட்டிருந்தது. ஒளிக்கதிரை ஜீரணிக்க எந்தப் புழுவும் எளிதில் கற்காது என்பதும், ஒரு தாய் அந்து இடக்கூடிய முட்டைகள் ஆயிரத்தைத் தாண்டும் என்பதும், இரவில் பறக்கும் தாயை வீழ்த்துவதில் உள்ள லாபத்தை விளங்கவைக்கும்.

இவ்வளவும் சொல்லியாயிற்று, எதிர்ப்பக்கத்தைச் சொல்லாவிட்டால் இது விளம்பரமாகிவிடும். வி.கோட்டைச் சந்தைக்குத் தக்காளி அனுப்பும் குடியானவரைப் பத்தாண்டுகளாக வதைப்பது எது? தென்னமெரிக்காவிலிருந்து வந்து 2014ல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டுப் பின் தெற்கே இறங்கிய ஊசிப்புழு. அதன் புழு இலையின் இரு தோல்களுக்கிடையே சுரங்கம் தோண்டி வசிப்பது. அல்லது காய்க்குள் குடியிருப்பது. கதிர் அங்கே எட்டாது. அதன் அந்தும் மிகச் சிறிது. பகலெல்லாம் இலைக்கடியில் மறைந்திருக்கும். இலைமறைவு என்பது லேசருக்கு ஒரு கோட்டைச் சுவர். பெண் மாவுப்பூச்சியோ பறப்பதே இல்லை. கொத்துக்கொத்தாகத் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளின் மல்பெரித் தோட்டங்களைச் சூறையாடியபோது, அதை அடக்கியது இயந்திரமும் அன்று, விஷமும் அன்று. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவி. ஓரிரு ஆண்டுகளுக்குள் கொள்ளை அடங்கிற்று. குடியானவருக்கு ஒரு காசும் செலவில்லை. அசெரோபேகஸ் என்ற அந்தக் குளவிக்கு மல்பெரி வளர்ப்போர் கோயில் கட்டினாலும் தகும். லேசர் வயலுக்கு வந்தால், இத்தகைய உபகாரிகளை அது சுட்டுவிடாதிருக்கவேண்டும் என்பதே முதல் நிபந்தனை. மருந்து ஒருநாளும் ஏற்றுக்கொள்ள முடியாத நிபந்தனை அது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கண்ணைப் பற்றிய விஷயம் இதைவிடக் கவலைக்குரியது. நீலக் கதிர் கண்ணுக்குள் புகுந்தால், கண்ணின் வில்லையே அதை ஒரு புள்ளியாகக் குவித்து, விழித்திரையில் அதன் உக்கிரத்தை ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்காக்கிவிடும். இரவில் பாசனத்துக்குப் போகிறவர், பட்டிக்கு வெளியே படுத்திருக்கும் மாடு, ஆந்தை, வரப்பில் ஓடும் நாய் எல்லோரும் அந்த வயலின் பிரஜைகளே. நெதர்லாந்தில் தோன்றி இன்று பல நாடுகளில் திராட்சைத் தோட்டங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் பறவைகளை விரட்டும் பச்சை லேசர், கொல்லாமல் அச்சுறுத்துவது மாத்திரமே. அதுகூடப் பறவைகளின் கண்ணுக்குக் கேடு செய்யுமோ என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஐயம் எழுப்பியிருக்கின்றனர். ராமகுப்பத்தில் பயிரைத் தின்ன வரும் ஜீவன்களின் வரிசையில் கவுண்டின்யா சரணாலயத்துக் காட்டானைகளுக்கும் இடமுண்டு. கதிர் பட்டு மிரண்ட யானை எந்தத் திசையில் ஓடும் என்பதை எந்தக் காமிராவும் 0.03 வினாடிக்கு முன்னே சொல்லாது.

லேசர் இதற்குள் நிஜமாகவே ஜயித்த இடங்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தென்படுகிறது. நார்வே நாட்டில் 2014 முதல் சால்மன் மீன்களின் மேல் ஒட்டும் கடற்பேனை நீருக்கடியிலேயே லேசரால் சுட்டு வருகிறார்கள்: மீன்கள் கூண்டுக்குள் இருக்கின்றன, மனிதர் குறுக்கே வருவதில்லை, சரக்கோ விலையுயர்ந்தது. அமெரிக்காவில் கார்பன் ரோபாட்டிக்ஸ் என்ற கம்பெனி 2021 முதல் விற்கும் யந்திரம் களைகளைக் கதிரால் கருக்குகிறது. களை ஓடாது, பறக்காது; வயல் நூற்றுக்கணக்கான ஏக்கர்; களை எடுக்கும் கூலியோ அபாரம். அடைப்பு, அல்லது அசையாத இலக்கு, அவற்றோடு அதிக விலை: இவை கூடிய இடத்தில் கதிர் ஜயிக்கிறது. காற்றும் தூசியும் மழையும் நிறைந்த திறந்த வயலில், சராசரி உடைமை ஒரு ஹெக்டேருக்கும் குறைந்த ஒரு மாநிலத்தில், வேளாண்மைக்கு மும்முனை மின்சாரம் வரையறுத்த மணி நேரங்களுக்கே வரும் ஊரில், அது உடனே ஜயிக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

புதிய வித்தைகளை வரவேற்பதில் குப்பம் சீமை ஒருநாளும் பின்தங்கியதில்லை; வேண்டுமானால் அளவுக்கு மிஞ்சியே வரவேற்றிருக்கிறது எனலாம். 1990களின் பிற்பாதியில் இஸ்ரேலிய முறைச் சாகுபடி சர்க்கார் ஆதரவோடு இங்கே அரங்கேறியது. நிலங்களைச் சேர்த்துப் பெரும் பாத்தியாக்கி, சொட்டுநீரும் வீரிய விதையும் உரமும் கொண்டு விளைவித்த அந்தத் திட்டத்தின் செலவையும் நிலத்தடி நீர் உறிஞ்சலையும் விமரிசகர்கள் கடுமையாகச் சாடினர். 2002ல் ஹியூலெட்-பேக்கார்ட் கம்பெனி குப்பம் தொகுதியில் கணினிவழிச் சமுதாயம் ஒன்றை அமைக்கப் புறப்பட்டு, சில ஆண்டுகளில் தன் பங்கை முடித்துக்கொண்டது. திட்டங்கள் போயின, சொட்டுநீர்க் குழாய் மாத்திரம் வயலில் தங்கியது. அது தங்கியதன் காரணம் எளிது: பழுதானால் குடியானவரே ஒட்டிக்கொள்ளலாம், உள்ளூர்க் கடையில் உதிரி கிடைக்கும், மானியமும் உண்டு. லேசரின் கண்ணாடியில் தூசி படிந்து குறி தவறினால் ராமகுப்பத்தில் யாரைக் கூப்பிடுவது?

ஆகையால் இந்தச் சாதனத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. சுடும் பாகம் ஒன்று. பார்க்கும் பாகம் ஒன்று. பார்க்கும் பாகம் ஏற்கனவே மலிவாகிக்கொண்டு வருகிறது. இன்ன இரவில் இன்ன அந்து இத்தனை பறந்தது என்று தெரிந்தால், மருந்தை வாரந்தோறும் அடிப்பதற்குப் பதிலாக ஒருமுறை, உரிய நாளில், உரிய மருந்தாக அடிக்கலாம், அல்லது என்.பி.வி.யைப் புழு இளையதாயிருக்கும்போதே தெளிக்கலாம். மல்பெரிக்காரர் அன்று இலை பறிக்காமல் இருக்க முன்னறிவிப்பும் தரலாம். 2024 ஆகஸ்டு 15ல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் சாதனம், கைப்பேசிப் படத்திலிருந்து பூச்சியை இன்னதென்று அறிவிப்பது. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் வலுக்குறைந்த லேசரைக் கிடையாக ஓடவிட்டு, அதைக் கடக்கும் பூச்சிகளைச் சிறகடிப்பால் எண்ணுகிறார்கள். இவ்விரண்டும் ஒருநாள் சந்திக்கக்கூடும். சுடாத லேசர் சுடும் லேசரைவிடச் சீக்கிரம் நம் ஊருக்கு உபயோகப்படும் என்பது என் கணிப்பு. பத்திரிகைத் தலைப்புக்கு அது உதவாது என்பது வேறு விஷயம்.

சுடும் பாகத்துக்கும் இந்த மண்டலத்தில் ஓர் இடமுண்டு. அது வயல் அன்று, பட்டுப்புழு வளர்ப்பு மனை. 1980ல் வங்காளத்திலிருந்து தற்செயலாகக் கர்நாடகத்துக்குள் வந்து, பின் தென்னாட்டின் பட்டுப் பிரதேசமெங்கும் பரவிய ஊசி ஈ, ஜன்னல் வழியே புகுந்து, முதிர்ந்த புழுவின் உடலில் வெண்புள்ளிபோல ஒரு முட்டையை ஒட்டிவைத்துவிட்டுப் போகிறது. முட்டையிலிருந்து வரும் சிறு புழு பட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே போய் அதைத் தின்று வளர்கிறது. துளைத்த இடத்தில் ஒரு கரும்புள்ளி மாத்திரம் எஞ்சும். மனைக்குள் மருந்து அடிக்க முடியாது. அடித்தால் முதலில் சாவது பட்டுப்புழுவே. ஈ பெரிது, பகலில் பறப்பது, குறிப்பிட்ட சில திறப்புகள் வழியேதான் வரவேண்டியிருப்பது. ஒளி வேலிக்கு இதைவிட அடைப்பான, இதைவிடத் தெளிவான ஒரு களம் கிடைப்பது அரிது. இப்போது அந்த ஜன்னல்களில் கட்டியிருப்பது நைலான் வலை. வலை மலிவு, ஆனால் கிழியும், கதவு திறந்து மூடும்போதெல்லாம் ஈக்கு வழிவிடும், கோடையில் காற்றையும் ஓரளவு தடுக்கும். ஹிந்துபூரை அடுத்த கிரிகெராவில் ஆந்திர மாநிலப் பட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. லேசர் நுட்பத்துக்கென்றே இந்தூரில் ராஜா ராமண்ணா நிலையம் இருக்கிறது. இவ்விரு நிறுவனத்தாரும் சேர்ந்து ஒரு வளர்ப்பு மனையில் வலையையும், அதே அளவுள்ள அடுத்த மனையில் கதிர்வேலியையும் வைத்து, ஒரு மழைக்காலத்துப் பயிர் முழுதும் கரும்புள்ளி விழுந்த புழுக்களை எண்ணிப் பார்த்தால், வலைக்குமேல் கதிருக்கு ஏதேனும் சாதகம் உண்டா, உண்டெனில் அதன் விலை கிலோ கூட்டுக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.